மாடு ஏறாத மேம்பாலம்

சென்னையிலிருந்து விழுப்புரம் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையை அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் இன்னும் ‘டிரங்க் ரோடு’ என்றுதான் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் அதன் எண் 45. 2010-ல் நாடு முழுவதும் எண்கள் மாறியபோது அதன் எண்ணும் மாறிற்று. 2000-க்குப் பின் இருவழி நான்கு வழியாயிற்று. நடுவில் தடுப்பும் வந்தது. இத்தனை மாறியும் ஒன்று மட்டும் மாறவில்லை. சாலையின் ஒரு பக்கத்தில் ஊர், மறு பக்கத்தில் ஏரியும் கழனியும் என்று அமைந்த கிராமங்கள் அப்படியேதான் இருக்கின்றன.

இருவழிச் சாலையாக இருந்த நாளில் இது பெரிய தொல்லையாகத் தெரியவில்லை. லாரி ஒன்று போகும். சற்று நின்று மாட்டை ஓட்டிக்கொண்டு கடந்துவிடலாம். இன்று அப்படி முடியாது. கிராம சபை கூடும் நாட்களில் சாலையோர ஊர்களில் தவறாமல் எழும் பேச்சு இதுதான்: சாலையை எப்படிக் கடப்பது? பல இடங்களில் அதற்குக் கிடைக்கிற பதில், நடைமேம்பாலம் ஒன்று கட்டித் தரலாம் என்பது. அந்தப் பதில் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதை விவசாயிகள் தீர எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கடப்பது ஏன் கடினம்?

கணக்கு எளியது. நான்கு வழிச் சாலையில் ஒரு திசைக்கு உரிய அகலம் 7 மீட்டர். ஓரத்துத் தார்ப்பகுதி 1.5 மீட்டரையும் சேர்த்தால் 8.5 மீட்டர். திடகாத்திரமான ஆள் வெறுங்கையோடு நடந்தால் இதைக் கடக்க 7 விநாடி ஆகும். இத்தகைய சாலையில் கார்களுக்கு 2018 முதல் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். அதாவது விநாடிக்கு 28 மீட்டர். ஆள் கடக்கிற 7 விநாடியில் வண்டி ஏறக்குறைய 200 மீட்டர் வந்துவிடும். தலையில் புல்லுக்கட்டும் கையில் மாட்டுக் கயிறுமாக வரும் வயதான அம்மாளுக்கு இரட்டிப்பு நேரம் பிடிக்கும். அவர் சாலையில் கால் வைக்கும்போது வண்டி 400 மீட்டருக்கு அப்பால் இருந்தாக வேண்டும். பொழுது விடியுமுன், விளக்கைத் தாழ்த்தி வரும் ஓட்டுநருக்கு அத்தனை தூரத்தில் ஆள் நிற்பது தெரியாது. இது ஒரு திசைக்கு மட்டும் உள்ள கணக்கு. நடுத்தடுப்பில் ஏறி நின்றுவிட்டு, மறு திசைக்கும் இதையே செய்ய வேண்டும்.

மத்திய அரசு வெளியிட்ட புள்ளிவிவரப்படி 2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நடந்து சென்றவர்கள் மட்டும் 32,825 பேர். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகளின் பங்கு 100-க்கு 2 அளவுதான். ஆனால் இறந்தவர்களில் 61,038 பேர், அதாவது 100-க்கு 36 பேர், அந்தச் சாலைகளில் இறந்திருக்கிறார்கள். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம். ஆகவே கடப்பதற்கு வழி கேட்கும் ஊர்க்காரர்கள் சலுகை கேட்கவில்லை, உயிரைக் காத்துக்கொள்ளவே கேட்கிறார்கள்.

சபையில் நான்கு கட்சி

இந்தப் பேச்சு எழும் சபையில் பெரும்பாலும் நான்கு கட்சிகள் உண்டாகிவிடுகின்றன.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பெற்றோரும் வேலைக்குப் பஸ் ஏறிப் போகிற இளைஞர்களும் முதல் கட்சி. மேம்பாலம் உடனே வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. இரும்புச் சட்டங்களைப் பட்டறையில் செய்து கொண்டுவந்து பொருத்திவிடலாம், பெரிதாக நிலம் எடுக்க வேண்டாம், செலவும் குறைவு. காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் ஓர் உயிருக்கு ஆபத்து என்று அவர்கள் சொல்வதை எவரும் தள்ளிவிட முடியாது.

இரண்டாவது கட்சி கழனிக்காரர்கள், கூலிக்குப் போகிற பெண்கள், கறவை மாடு வைத்திருப்பவர்கள். இவர்கள் கூட்டத்தின் பின் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். “பாலம் கட்டுங்க தம்பி, நல்லதுதான். மாட்ட எப்படி ஏத்தறது?” என்று ஒரு கிழவி கேட்டால் சபையே சிரிக்கும். ஆனால் சபையில் கேட்கப்படும் கேள்விகளில் அதுதான் முக்கியமான கேள்வி.

மூன்றாவது, சாலையோரத்தில் டீக்கடை, உரக்கடை, பஞ்சர் கடை வைத்திருப்பவர்கள். சாலையை உயர்த்திக் கீழே வழி விட்டால் தங்கள் கடைகள் பள்ளத்தில் ஒதுங்கிப் போகும், வியாபாரம் படுத்துவிடும் என்று இவர்கள் அஞ்சுகிறார்கள். ஏற்கெனவே ஒரு முறை நிலம் கொடுத்தவர்கள், இன்னொரு முறை எடுப்பார்களோ என்று அவர்களோடு சேர்ந்துகொள்கிறார்கள். இந்த அச்சத்திலும் நியாயம் உண்டு.

நான்காவது கட்சிக்கு எதுவும் வேண்டாம். நடுத்தடுப்பில் ஒரு இடைவெளி விட்டால் போதும், முன்பு போலக் கடந்துகொள்கிறோம் என்பார்கள். உயிரை எடுப்பது பெரும்பாலும் இந்த இடைவெளிதான் என்பதால் இந்த யோசனையை மட்டும் ஒதுக்கிவிடலாம்.

படிக்கட்டுக் கணக்கு

நெடுஞ்சாலையில் உயரமான லாரிகள் தடையின்றிச் செல்ல, மேலே கட்டும் பாலத்தின் அடிப்பாகம் 5.5 மீட்டர் உயரத்திலாவது இருக்க வேண்டும். பாலத்தின் கனத்தையும் சேர்த்தால் நடக்கும் தளம் 6 மீட்டருக்கு மேல் போய்விடும். படி ஒன்றுக்கு 15 சென்டிமீட்டர் என்றால் ஏற 40 படி, இறங்க 40 படி. கழனிக்குப் போய்த் திரும்ப 160 படி. காலையில் களையெடுக்க ஒரு தடவை, மாலையில் புல்லறுக்க ஒரு தடவை என்றால் நாளொன்றுக்கு 320 படி. அதில் பாதி தலைச்சுமையோடு.

படிக்குப் பதிலாகச் சாய்தளம் வைக்கலாமே என்று கேட்கலாம். 12-க்கு 1 என்ற சரிவில் அமைத்தாலும் 6 மீட்டர் ஏற 72 மீட்டர் நடக்க வேண்டும். இறங்க இன்னொரு 72 மீட்டர். ஊன்றுகோல் பிடித்தவருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் சாய்தளம் கட்டாயம் தேவை. அதை விட்டுவிட்டுப் பாலம் கட்டுவது 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் நோக்கத்துக்கே மாறானது. ஆனால் குறுகலான சாய்தளத்தில், கீழே லாரிகள் இரைச்சலோடு பறக்கும்போது, கறவை மாடு நடந்து வராது. கன்றை இழுத்துப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆட்டு மந்தையைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஏர், மருந்தடிக்கும் கருவி, மல்லாட்டை மூட்டை, நாற்று முடி, டிராக்டர் எதுவும் மேம்பாலத்தில் ஏறாது.

ஏற முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? தடுப்பு வேலியின் கம்பியை வளைத்து வழி செய்துகொள்வார்கள். பாலம் மேலே வெறுமனே நிற்க, கீழே மக்கள் ஓடிக் கடக்கும் காட்சி நகரங்களில் புதிதல்ல. டிராக்டர்காரருக்கு இன்னும் தொல்லை. திரும்புமிடம் 2 கிலோமீட்டரில் இருந்தால், எதிரே கண்ணுக்குத் தெரிகிற கழனிக்குப் போக 4 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். டீசலை எண்ணி அவர் ஓரமாக எதிர்த்திசையில் போகிறார். சட்டப்படி அது குற்றம். ஆனால் அவரை அந்தக் குற்றத்துக்குத் தள்ளுவது சாலையின் அமைப்பு.

நிலம் தரிசாகும் வழி

விபத்து கண்ணுக்குத் தெரிகிறது, பத்திரிகையில் வருகிறது. கண்ணுக்குத் தெரியாத நஷ்டம் ஒன்று உண்டு. அது மறுபக்கத்து நிலத்துக்கு நேரும் கதி.

ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கழனி என்றாலே கூலியாட்கள் தயங்குகிறார்கள். அறுவடை இயந்திரத்துக்காரர் சுற்றி வரும் தூரத்தையும் வாடகையில் சேர்க்கிறார். விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவரை வீட்டார் போக வேண்டாம் என்கிறார்கள். பால் சொசைட்டி ஒரு பக்கம், மேய்ச்சல் மறுபக்கம் என்றால் மாடு வளர்ப்பது குறைகிறது; மாடு குறைந்தால் எருவும் குறைகிறது. முதலில் ஒரு போகம் விடுபடும். பிறகு குத்தகைக்கு எடுக்க ஆள் வரமாட்டார். சில வருஷம் தரிசாகக் கிடந்தபின் மனைக்கற்கள் முளைக்கும். அப்போது, விவசாயத்தில் நாட்டம் குறைந்து நிலத்தை விற்றுவிட்டார்கள் என்று கூட்டங்களில் பேசுவார்கள். நாட்டம் குறையவில்லை; நிலத்துக்குப் போகும் வழி அடைபட்டது. ஏரிப்பாசன நிலத்துக்கு இது இன்னும் கேடு. கடைமடைக் கழனிகள் தரிசானால் வாய்க்காலைத் தூர்வார ஆள் சேராது. வாய்க்கால் தூர்ந்தால் மற்றவர் பயிரும் கெடும்.

கீழே போகும் வழி

ஊர் ஒரு பக்கமும் கழனி மறுபக்கமும் உள்ள கிராமத்துக்குத் தேவை, சாலைக்குக் கீழே செல்லும் வழி. இதைச் சுரங்கப்பாதை என்று அதிகாரிகளும், அண்டர்பாஸ் என்று ஊர்க்காரர்களும் சொல்கிறார்கள். நெடுஞ்சாலை வடிவமைப்பு நெறிகளிலேயே இதற்கு இடமுண்டு. நடந்து செல்வோருக்கும் கால்நடைகளுக்கும் 3 மீட்டர் உயரம், சிறு வாகனங்களுக்கு 4 மீட்டர், பெரிய வாகனங்களுக்கு 5.5 மீட்டர் என்று தனித்தனி அளவுகள் இருக்கின்றன.

எந்த அளவு கேட்பது என்பதில் கவனம் வேண்டும். 3 மீட்டர் உயரத்தில் மாடும் ஆடும் தலைச்சுமைக்காரரும் தாராளமாகப் போவார்கள். அறுவடை இயந்திரமும் கரும்பு ஏற்றிய டிரெய்லரும் அதில் நுழையா. நெல்லும் கரும்பும் முக்கியப் பயிராக உள்ள ஊர், டிரெய்லரின் பாரத்தோடு கூடிய உயரத்தை அளந்து பார்த்து, அதற்கேற்ற வழியைக் கேட்க வேண்டும். கட்டிய பிறகு ஒரு சாண் கூட உயர்த்த முடியாது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. சுரங்கப்பாதை என்ற பெயரைக் கேட்டுப் பூமியைத் தோண்டச் சம்மதித்துவிடக் கூடாது. ஏரி ஆயக்கட்டு நிலத்தில் பள்ளம் தோண்டினால், ஐப்பசி கார்த்திகையில் வழி குளமாகிவிடும். மோட்டார் வைத்து இறைப்பதாகச் சொல்வார்கள்; மழை நாளில் மின்சாரம் போனால் மோட்டாரும் நின்றுவிடும். சம்பா நடவும் களையெடுப்பும் நடக்கிற நாட்களில்தான் வழி மூழ்கிக் கிடக்கும். ஆகவே பாதை தரைமட்டத்திலேயே இருக்க வேண்டும். அதன்மேல் சாலை உயர்ந்து செல்ல வேண்டும்.

செலவு அங்கேதான் வருகிறது. 4 மீட்டர் வழியும் மேல்தளத்தின் கனமும் சேர்ந்து சாலை 5 மீட்டர் உயர வேண்டும். 40-க்கு 1 என்ற மெல்லிய சரிவில் அந்த உயரத்தை எட்ட, இரு பக்கமும் 200 மீட்டர் வீதம் கரை போட வேண்டும். மேம்பாலத்தைப் போல் பல மடங்கு செலவாகும்; காலமும் பிடிக்கும். அந்தக் கரை வயல்நீர் வடியும் போக்கை மறித்துவிடாதபடி போதிய சிறுபாலங்களும் வேண்டும். கடைக்காரர்களின் அச்சத்துக்கும் இங்கேதான் பதில் தேட வேண்டும். இருபுறமும் நல்ல பக்கச்சாலையும், பஸ் அந்தப் பக்கச்சாலைக்கு வந்து நிற்கும் ஏற்பாடும் இருந்தால், ஊருக்குள் வருபவர்கள் எல்லாரும் கடை வாசல் வழியாகத்தான் போவார்கள். அதுவும் தீர்மானத்தில் எழுதப்பட வேண்டும். வாய்வார்த்தையை நம்பிக் கடைக்காரர் இடம் விடமாட்டார், விடவும் கூடாது.

அதுவரை என்ன செய்வது?

உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. கீழ்வழி வர வருஷங்கள் ஆகும். பிள்ளைகள் நாளைக் காலையில் பள்ளிக்கூடம் போயாக வேண்டும். அப்படியானால் மேம்பாலத்தை வேண்டாம் என்று சொல்வது நியாயமா?

நியாயமில்லை. பஸ் நிறுத்தமும் பள்ளியும் உள்ள இடத்தில் மேம்பாலம் வந்தால் ஊர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் எதற்காக ஏற்றுக்கொள்கிறோம் என்பதை எழுதி வைத்துவிட்டு ஏற்க வேண்டும். மேம்பாலம் கட்டியதும் அந்த ஊருக்கு வசதி செய்து தந்தாயிற்று என்று கோப்பு மூடப்படுவதும், நடுத்தடுப்பில் கம்பிவேலி எழுவதும் நடக்கக்கூடியவை. அதன்பின் மாட்டுக்கு வழி கேட்டால், பாலம்தான் இருக்கிறதே என்பார்கள். பிள்ளைகளுக்குக் கிடைத்த பாலமே கழனிக்காரரின் கோரிக்கைக்குத் தடையாகிவிடும். எனவே கிராம சபைத் தீர்மானம் இரண்டு தனித்தனிப் பிரிவாக இருக்கட்டும்: நடந்து செல்வோருக்கு மேம்பாலம், பயிர்த்தொழிலுக்கும் கால்நடைக்கும் கீழ்வழி. முதலாவது இரண்டாவதுக்கு ஈடல்ல என்ற வாசகமும் அதில் இருக்க வேண்டும்.

உடனே செய்யக்கூடிய சிறு வேலைகளும் உள்ளன. ஊர் எல்லையில் விளக்கு, வேகத்தைக் குறைக்கச் சாலைமேல் வரிக்கோடுகள், எச்சரிக்கைப் பலகை, பஸ் நிறுத்தத்தைக் கடக்கும் இடத்துக்கு அருகே மாற்றுதல் ஆகியவற்றுக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. அருகில் நீர் செல்லப் பெரிய பாலம் இருந்தால், கோடையில் அதன் அடியில் மாடுகள் செல்ல மண்ணைச் சமன் செய்து தரும்படியும் கேட்கலாம்.

ஊர் செய்ய வேண்டியது

கேட்கிற ஊர் கணக்கோடு கேட்க வேண்டும். கடப்பவர்கள் எத்தனை பேர் என்று பகல் 11 மணிக்கு வந்து எண்ணினால் சாலை வெறிச்சென்று இருக்கும். குடியானவர் கடப்பது விடியற்காலையிலும் பொழுது சாயும் வேளையிலும்தான். ஆகவே ஊரிலுள்ள படித்த பிள்ளைகள் நான்கு பேர், நடவுக் காலத்தில் ஒரு நாள், அறுவடைக் காலத்தில் ஒரு நாள், காலை 4 மணி முதல் இரவு 8 மணி வரை உட்கார்ந்து எண்ணட்டும். வெறுங்கையோடு கடந்தவர், தலைச்சுமையோடு கடந்தவர், மாடு, ஆடு, சைக்கிள், மோட்டார் சைக்கிள், டிராக்டர் என்று தனித்தனிப் பத்தியில் எழுதட்டும். மறுபக்கத்தில் எத்தனை ஏக்கர் நஞ்சை, எத்தனை ஏக்கர் புஞ்சை என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் கணக்கு இருக்கிறது.

நடந்த விபத்துகளின் தேதியையும் வழக்கு எண்ணையும் தொகுத்து வைப்பது அவசியம். சுமார் 500 மீட்டர் நீளமுள்ள பகுதியில் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ பலத்த காயமோ நேர்ந்த 5 விபத்துகள் நடந்திருந்தாலோ, 10 பேர் இறந்திருந்தாலோ, அதை விபத்து மிகுந்த இடம் என்று மத்திய சாலைப் போக்குவரத்துத் துறை வகைப்படுத்துகிறது. அந்தப் பட்டியலில் ஏறிய இடத்துக்குச் சீரமைப்பு வேலையில் முன்னுரிமை கேட்க முடியும். போலீசில் பதிவாகாமல் பேசி முடித்துக்கொண்ட விபத்துகள் இந்தக் கணக்கில் சேரா என்பதையும் ஊரார் அறிந்திருக்க வேண்டும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. தீர்மானத்தின் நகலை மாவட்ட ஆட்சியருக்கும், நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட இயக்குநருக்கும், தொகுதியின் மக்களவை உறுப்பினருக்கும் விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

இன்னும் சாலை அகலமாகாத ஊர்களுக்கு ஒரு வார்த்தை. நிலம் எடுப்புக்கான 3ஏ அறிவிப்பு வந்தால், 1956-ம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி ஆட்சேபம் சொல்ல 21 நாள் அவகாசம் உண்டு. அந்த நாட்களில் எல்லாரும் நஷ்டஈட்டுத் தொகையை மட்டுமே பேசுகிறார்கள். வரைபடத்தை விரித்து, மாட்டுக்கு வழி எங்கே, வாய்க்காலுக்குச் சிறுபாலம் எங்கே, பக்கச்சாலை எதுவரை என்று கேட்பவர் இல்லை. காகிதத்தில் ஒரு கோடு மாற்றுவது சுலபம். கரையும் காங்கிரீட்டும் வந்தபிறகு மாற்றுவது குதிரைக்கொம்பு.

நெடுஞ்சாலை வேண்டும் என்பதில் விவசாயிக்கு மாற்றுக் கருத்து இல்லை. அவர் காய்கறியும் பாலும் கரும்பும் அதே சாலையில்தான் போகின்றன. தொலைதூரம் போகிறவருக்கு இரண்டு நிமிஷம் மிச்சப்படுத்த இத்தனை செலவு செய்யும் நாடு, அந்தச் சாலைக்காக நிலம் கொடுத்தவர் தன் மீதி நிலத்துக்கு உயிரோடு போய் வரவும் செலவு செய்யக் கடமைப்பட்டிருக்கிறது. கழனிக்குப் போகும் வழியும் பாசன வாய்க்காலைப் போன்றதுதான். அது அடைபட்டால் பயிர் இல்லை. அடுத்த கிராம சபையில் அந்தக் கிழவி மாட்டைப் பற்றிக் கேட்கும்போது யாரும் சிரிக்காமல், அவர் கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் முதல் வரியாக எழுதிக்கொள்ளட்டும்.